பேட்டரிக்குத்தான் குளிர்

கணவாய் மூடுமுன் ஊருக்குப் போவதா, திறந்த பிறகு போவதா? அந்த முகாமில் இருந்த ஒவ்வொருவனும் நவம்பர் மாதத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வடக்குக் காஷ்மீரின் அந்தப் பள்ளத்தாக்குக்குள் லாரி வர ஒரே ஒரு சாலைதான். அது மலைமேல் ஏறி, ஒரு கணவாயைத் தாண்டி இறங்குகிறது. நவம்பர் கடைசியில் அங்கே பனி ஆளுயரத்துக்கு விழுந்துவிடும். பிறகு ஏப்ரல் வரை, அங்கே சாலை இருந்தது என்று சொன்னால் புதிதாக வந்தவன் நம்பமாட்டான். ஆகவே குளிர்காலத்துக்கு வேண்டிய மண்ணெண்ணெய், அரிசி, பருப்பு, டின் பால், மாத்திரை எல்லாம் முன்கூட்டியே வந்து குவிந்துவிடும். அதன் பிறகு வெளியுலகம் என்பது ஹெலிகாப்டர்தான். வானம் தெளிந்தால் வரும்; தபாலை இறக்கும்; நோயாளிகளை ஏற்றிக்கொள்ளும். லீவில் போகிறவனுக்கு அதில் இடமில்லை.

1996 நவம்பரில் கேப்டன், நாயக் பதவியில் இருந்த கியாசுதீனைக் கூப்பிட்டு, "முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டார். கியாசுதீன் மறுநாள் சொல்வதாகச் சொன்னான். அன்றைய தபாலில் வீட்டிலிருந்து ஒரு கேசட் வந்திருந்தது. அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தான்.

அவன் வீடு கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில், பள்ளிவாசலுக்கு இரண்டாவது தெரு. அங்கே பல வீடுகளில் யாராவது ஒருவர் ஜித்தாவிலோ துபாயிலோ இருப்பார். கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவது அவர்களுக்குச் சுலபம். அண்ணன் ஜித்தாவுக்குப் போனபோது கியாசுதீன் வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்தது. அவன் பட்டாளத்துக்கு வந்த பிறகு அவனுக்கும் கேசட்தான். பேசுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அம்மா. பிறகு மகள் ஆயத். பிறகு யாராவது விருந்தாளி வந்திருந்தால் அவர். கடைசியில், சமையல், பாத்திரம், துணி எல்லாம் முடிந்து, சாயங்காலத்தில் மனைவி ஜஹனாரா. அப்போதும் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்துதான் இருப்பார்கள். கணவனிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை ஒருத்தி கேசட்டில் சொல்ல முடியாது.

கியாசுதீன் சிக்னல் பிரிவில் ரேடியோ மெக்கானிக். பட்டாளத்துக்கு வருமுன் கல்பாக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் கடையில் வேலை பார்த்தவன். எந்தப் பொருளையும் திறந்து பார்த்து, அது ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். தெரிந்ததை அடுத்தவனுக்குச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. பங்கர் என்கிற பதுங்கறையில் அவனோடு இருந்த தேவசகாயம் அச்சரப்பாக்கத்துக்காரன், ரேடியோ ஆபரேட்டர். "டேய் மச்சான், டீ சூடா கீதுன்னு சொன்னா போதும்டா. அது ஏன் சூடா கீதுன்னு நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆறிப்புடுது" என்பான்.

பங்கரின் நடுவில் புகாரி என்கிற இரும்பு அடுப்பு. வெளியே உயரத்தில் வைத்த தகர டின்னிலிருந்து மெல்லிய குழாய் வழியாக மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக அடுப்பின் வயிற்றுக்குள் விழும். சொட்டு வேகமானால் அடுப்பு சிவந்து உறுமும், மெதுவானால் புகையும். புகை வெளியே போகக் கூரை வழியாக ஒரு குழாய். அந்தக் குழாயில் பனி அடைத்துக்கொண்டால் உள்ளே தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள்; அதனால் ஒருவன் முறை வைத்து அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புகாரிக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும். டேப் ரிக்கார்டர் இருந்த பலகை சுவர் ஓரம். அங்கே தண்ணீர் உறையும்.

அன்று மாலை கேசட்டைப் போட்டார்கள். அம்மா பேசினாள். "கியாசு, நல்லா கீறியாப்பா? இங்க எல்லாம் நல்லா கீறோம். உன் பொண்டாட்டிக்குத்தான் எந்நேரமும் தூக்கம். கண்ணு தொறந்துகினு கீதா மூடிகினு கீதான்னே தெரியல. சோறு துன்றதுக்குக் கூட சோம்பேறித்தனம், பாதியிலயே எழுந்துடறா." ஆயத் பேசினாள். "அத்தா, பனின்னா உப்பு மாறி இருக்குமா, சோறு மாறி இருக்குமா?"

பிறகு ஜஹனாரா. "இன்னாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று தெளிவாகத்தான் தொடங்கினாள். ஆயத்துக்குப் பல் விழுந்தது, மழையில் சுவர் ஊறியது என்று சொல்லிக்கொண்டு போகும்போது குரல் தடித்தது. மூக்கில் இறங்கியது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழுத்தன.

"அண்ணிக்குக் கொட்டாவி வந்துட்ச்சிடா" என்றான் தேவசகாயம். பங்கரில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத இருவரும் சேர்ந்துதான்.

"கொட்டாவி இல்லடா, பேட்டரி" என்று கியாசுதீன் விளக்கத் தொடங்கினான். பேட்டரி செல்லுக்குள் இருப்பது ஒரு களி. அதற்குள் நடக்கும் வேலையால்தான் மின்சாரம் பிறக்கிறது. குளிரில் களி மந்தமாகிவிடும், மின்சாரம் குறையும், மோட்டார் மெதுவாகச் சுற்றும், நாடா மெதுவாக ஓடும், குரல் இழுக்கும். செல்லை எடுத்துக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கினால் மறுபடி உயிர் வரும். கேசட்டின் தொடக்கத்தில் பேசுகிறவர்கள் நன்றாகக் கேட்பார்கள். கடைசியில் பேசுகிறவள் குரல் வரும்போது செல் குளிர்ந்திருக்கும்.

"அப்ப வூட்ல ரிக்கார்டு பண்ண சொல்லவே மிஷின் கோளாறா இருந்தா?" என்று தேவசகாயம் கேட்டான். நல்ல கேள்விதான். கியாசுதீனுக்கு முகம் மலர்ந்தது. "அங்க மிஷின் மெதுவா ஓடியிருந்தா, இங்க சரியான வேகத்துல போடறப்போ குரல் கீச்சு கீச்சுன்னு வரும் மச்சான். இழுக்காது. இழுத்தா கோளாறு நம்ம பக்கம்தான். அங்க இல்ல."

அது மிகச் சரியான விளக்கம். டேப் ரிக்கார்டரைப் பொறுத்தவரை அதில் ஒரு பிழையும் கிடையாது.

கேசட்டின் கடைசியில் ஜஹனாரா, "என் குரல் ஒழுங்கா கேக்குதாங்க? அத மட்டும் மறக்காம சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் கேப்டனிடம், "பின்னால் போகிறேன் சாப்" என்றான். ஏப்ரலில் போனால் நீண்ட லீவு. ஆயத்துக்கும் முழுப் பரீட்சை முடிந்திருக்கும். கடைசி லாரியில் போகும் தபாலுக்காகப் பதில் கேசட்டும் பேசினான். "ஜஹனாரா, உன் குரலுக்கு ஒண்ணும் இல்ல. பேட்டரிக்குத்தான் குளிரு. ஆயத்து, கேளு, பேட்டரின்னா இன்னா தெரியுமா?" என்று ஒரு பக்கம் முழுக்க அதையே விளக்கினான். நடுவில் தேவசகாயம் வந்து ஜஹனாரா மாதிரி இழுத்துப் பேசிக் காட்டியதும் அதில் பதிவானது. அவன் சிரித்ததும் பதிவானது.

டிசம்பர் முழுக்கப் பனி. காலையில் கதவைத் திறக்க உள்ளேயிருந்தே மண்வெட்டி வேண்டும். கழிப்பிடத்துக்குப் போகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போனான். உடம்பில் எது தன்னுடையது, எது கம்பளி என்று தெரியாத நாட்கள். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டிய கதைகளையெல்லாம் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆயத்தின் விழுந்த பல் கூட பங்கரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

மாதக் கடைசியில் ஒரு மதியம் வானம் பிளந்தது. ஹெலிகாப்டர் வந்தது. விசிறியை நிறுத்தாமலே தபால் மூட்டையைத் தள்ளிவிட்டு, விரல் கருத்துப்போன ஒரு சிப்பாயை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மூட்டையில் கியாசுதீனுக்கு ஒரு கேசட் இருந்தது. அதை உடனே கேட்கவில்லை. வேலை முடியட்டும், புகாரி நன்றாகப் பிடிக்கட்டும் என்று வைத்திருந்தான். நல்லதை அவசரப்படாமல் தின்ன வேண்டும் என்பது முகாமில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

இந்த முறை எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். நான்கு செல்லையும் மதியத்திலிருந்தே சட்டைக்குள் வைத்திருந்தான். ரிக்கார்டரைக் கம்பளியில் சுற்றி, புகாரிக்குப் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டான். அம்மா குரல் கணீரென்று வந்தது. ஆயத் குரல் கணீரென்று வந்தது.

"இன்னாங்க, நல்லா இருக்கீங்களா? பேட்டரின்னு சொன்னீங்க. கேட்டுட்டு எனக்கு நிம்மதியா ஆய்ட்ச்சி. நானே என்னமோன்னு பயந்துகினு இருந்தேன். டாக்டராண்ட போலாமான்னு கூட..." குரல் தடிக்கத் தொடங்கியது. "...மாமி கூட, தூங்கி எழுந்தா சரியாப்பூடும்னு..."

"அதோ, பேட்டரிக்குக் குளிரு வந்துட்ச்சி" என்றான் தேவசகாயம்.

ஜஹனாரா பேச்சை நிறுத்தினாள். "இருங்க, பாங்கு சொல்றாங்க. நீங்களும் கேளுங்க."

தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும்போது அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பெண்கள் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அது முடியும்வரை வாய்க்குள் பதில் சொல்வார்கள். ஜஹனாரா ரிக்கார்டரை நிறுத்தவில்லை. புதுப்பட்டினம் பள்ளிவாசலின் அந்திநேர மஃரிபு பாங்கு, ஜன்னல் வழியாக வந்து நாடாவில் ஏறியிருந்தது. கியாசுதீன் குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அதே மோதினார்தான் பாங்கு சொல்கிறார். எந்த இடத்தில் குரலை ஏற்றுவார், எங்கே மூச்சு விடுவார் என்று அவனுக்குத் தெரியும். அவன் உதடுகள் தானாக அசைந்தன. பாங்கு சரியான சுருதியில், சரியான வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

அவன் உதடுகள் நின்றன.

நாடா மெதுவாக ஓடினால் அதில் உள்ள எல்லாமே மெதுவாகும். மனைவியின் குரலை மட்டும் இழுத்துவிட்டு மோதினார் குரலை விட்டுவைக்க எந்த மோட்டாருக்கும் தெரியாது.

பாங்கு முடிந்தது. "பாங்கு முடிஞ்சிட்ச்சி. எங்க உட்டேன்?" என்றாள் ஜஹனாரா. மணி மாதிரியான குரல். கல்யாணமான புதிதில் கேட்ட அதே குரல். நான்கைந்து வாக்கியம் அப்படியே போனது. பிறகு தடித்தது, மூக்கில் இறங்கியது, சொற்கள் ஒட்டிக்கொண்டன. ஓய்வு கிடைத்தால் செல்லும் தேறும். ஆனால் பாங்கு ஒலித்த நேரம் முழுக்க மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. செல்லுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஓய்வு கிடைத்தது ஜஹனாராவின் வாய்க்கு மட்டும்.

கியாசுதீன் செல்களை வெளியே எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தன.

"இன்னாடா மச்சான்?"

"பேட்டரி இல்லடா" என்றான். "அவதான்டா."

தேவசகாயத்துக்கு முதலில் புரியவில்லை. கியாசுதீன் நாடாவைத் திருப்பிப் பாங்கைப் போட்டுக் காட்டினான். இந்த முறை அவன் எதையும் விளக்கவில்லை. கேட்டு முடித்ததும் தேவசகாயம் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். பதில் கேசட்டில் தான் இழுத்துப் பேசியது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கேப்டன் நல்ல மனிதர். "என்ன வியாதி?" என்று கேட்டார். கியாசுதீனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பேசினால் குரல் களைத்துப்போகிறது, நிறுத்தினால் தேறுகிறது. இதற்கா ஹெலிகாப்டர் கேட்பது? கேட்டாலும் வராது, வெளியே மறுபடி பனி கொட்டத் தொடங்கியிருந்தது. ஒரு செய்தி அனுப்பலாம் என்றார். "மனைவி ஜஹனாராவை உடனே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும். தாமதம் வேண்டாம்." தேவசகாயம் ரேடியோவில் அதை அனுப்பினான்.

அப்படி ஒரு செய்தி எப்படிப் போகும் என்பது கியாசுதீனுக்குத் தெரியும். பள்ளத்தாக்கிலிருந்து மலைக்கு அந்தப்பக்கம் உள்ள பெரிய முகாமுக்கு. அங்கிருந்து ஸ்ரீநகர். அங்கிருந்து சென்னை. சென்னையிலிருந்து செங்கல்பட்டில் ராணுவக் குடும்பங்களைக் கவனிக்கும் அலுவலகம். அங்கிருந்து உள்ளூர்ப் போலீஸ். ஒவ்வொரு இடத்திலும் ஒருவன் காதில் வாங்கி, காகிதத்தில் எழுதி, இன்னொருவன் கையில் கொடுக்க வேண்டும். ஒருவன் டீ குடிக்கப் போயிருந்தால் செய்தி மேசைமேல் காத்திருக்கும். புது வருஷ விடுமுறை வேறு. அத்தனை கம்பிகளையும் அலைகளையும் தெரிந்து வைத்திருந்தும், அதில் ஒன்றையும் அவனால் வேகப்படுத்த முடியவில்லை. முகாமில் இருந்த எல்லா ரேடியோவையும் திறந்து துடைத்து மூடினான். மறுநாள் மறுபடி திறந்தான்.

பதில் ஒரு காலையில் வந்தது. தேவசகாயம் காதில் ஹெட்ஃபோனோடு எழுதிக்கொண்டிருந்தான். பென்சில் நின்றது. அனுப்புகிறவன் இன்னும் அனுப்பிக்கொண்டிருப்பது ஹெட்ஃபோனுக்கு வெளியே சன்னமாகக் கேட்டது. கியாசுதீன் போய்ப் பென்சிலை வாங்கி, ஒரு காதில் ஹெட்ஃபோனை வைத்து, மிச்சத்தைத் தானே எழுதி முடித்தான். கிடைத்தது என்று பதில் தட்டினான். அடக்கம் செய்யப்பட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

வானம் மூன்று வாரம் மூடியே கிடந்தது. ஹெலிகாப்டரில் இந்த முறை அவனுக்கு இடம் இருந்தது. வீட்டுக்கு வந்தபோது ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. இன்னும் சில நாளில் ஜஹனாராவுக்கு நாற்பதாம் ஃபாத்திஹா.

அம்மா சொன்னாள். "போலீஸ்காரர் வாசல்ல வந்து நின்னாருப்பா. உனக்குத்தான் எதோ ஆய்ட்ச்சின்னு நான் மாரடிச்சிகினேன். அவ போய் காயிதத்த வாங்கி படிச்சா. படிச்சிட்டு சிரிச்சா. 'அவ்ளோ தூரத்துல உக்காந்துகினு என் தொண்டைய பத்தி போலீசாண்ட சொல்லி அனுப்பறாரு பாருங்க மாமி'ன்னா. சிரிச்சாப்பா, ஆனா மூஞ்சி சிரிக்கிற மாறியே இல்ல. பல்லுதான் தெரிஞ்சிது. அப்பவே கண்ணுக்கு ஒரு மாறியா இருந்துச்சு."

"அப்பவே கூட்டினு போயிருக்கலாமேம்மா."

"சாயங்காலம் ஆய்ட்ச்சி, காலைல போலாம்னோம். காலைல எழுந்து நல்லா கலகலன்னு பேசினாப்பா. எப்பவுமே காலைல நல்லாதான் இருப்பா. நல்லா இருக்கறவள எப்டிப்பா ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போறது? டாக்டரு இன்னான்னு கேட்டா இன்னா சொல்றது? நாளைக்கு பாத்துக்கலாம்னு அவளே சொல்லிட்டா. அன்னிக்கு சாயங்காலம் கஞ்சி குடிச்சிகினு இருந்தவளுக்கு பொரை ஏறிடுச்சி. இருமவே முடியல அவளால. வேன்ல போட்டுகினு திருக்கழுக்குன்றம் தாண்டறதுக்குள்ள..."

கியாசுதீன் செங்கல்பட்டுக்குப் போய், நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்த்தான். கேசட்டைப் போட்டுக் காட்டினான். அவர் முழுவதும் கேட்டார். கண் இமை தொங்கியதா, மெல்லும்போது தாடை களைத்ததா, காலையில் நன்றாக இருந்து மாலையில் மோசமானதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆம். பிறகு, எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதெல்லாம் புரியும் என்று கண்டுகொண்டு, பொறுமையாக விளக்கினார். அசை என்று நரம்பு சொல்கிறது. தசைக்கு அது சரியாகப் போய்ச் சேர்வதில்லை. முதலில் கொஞ்சம் சேரும். வேலை செய்யச் செய்ய அதுவும் நின்றுபோகும். ஓய்வு கொடுத்தால் மறுபடி சேரும். கண், வாய், தொண்டை, கடைசியில் மூச்சு விடும் தசை.

"இதுக்கு மருந்து கீதுங்களா சார்?"

டாக்டர் கேசட்டை அவன் பக்கம் நகர்த்தினார். "மாத்திரை இருக்கு" என்றார். "நிறைய பேர் சாப்பிட்டுகிட்டு நல்லா இருக்காங்க."

அவன் நன்றி சொல்லிவிட்டு வந்தான். அவ்வளவு தெளிவாக யாரும் அவனுக்கு எதையும் விளக்கியதில்லை.

நாற்பதாம் நாளுக்கு முந்தைய மாலை, நோன்பு திறந்து முடித்த பிறகு, ஆயத் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் அம்மா பேசிய கேசட்டை வைக்கச் சொன்னாள். அவன் மறுத்துப் பார்த்தான். அவள் விடவில்லை. கடைசியில் வயரைச் சுவரில் சொருகிப் போட்டான். ஜஹனாரா பேசினாள். குரல் தடித்தது.

"பேட்டரியா அத்தா?" என்றாள் ஆயத். பிறகு வயரைப் பார்த்தாள். அவன் கேசட்டில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். "கரண்ட்லதான அத்தா போட்டுகினு கீறோம்?"

சமையற்கட்டில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

நாடாவில் பாங்கு வந்தது. ஆயத் சட்டென்று துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்தாள். பாங்கு முடியும்வரை அவனிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

"பாங்கு முடிஞ்சிட்ச்சி. எங்க உட்டேன்?" என்றாள் ஜஹனாரா, மணி மாதிரி.

அவன் பட்டனை அழுத்தி நிறுத்தினான். நாடாவைக் கொஞ்சம் திருப்பினான். மறுபடி பாங்கு தொடங்கும் இடத்திலிருந்து ஓடவிட்டான்.